ரெட்மயர் கெண்டை

இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், ரெட்மயர் என்றொரு குளம் இருக்கிறது. பரப்பு மூன்று ஏக்கர்தான். மதுரைப் பக்கத்துக் கண்மாய்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் குளம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சிறு ஓடையொன்றைக் கரை போட்டு மறித்ததால் தேங்கிய தண்ணீர். சுற்றிலும் வில்லோ மரங்கள். கோடையில் தண்ணீருக்குள் எங்கு பார்த்தாலும் பாசிக்கொடி. ஆனால் பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட மிகப் பெரிய கெண்டை என்ற சாதனை இந்தக் குட்டையில் மட்டும் மூன்று தடவை மாறியிருக்கிறது: 1951, 1952, 1980.

1950 வரை அந்த நாட்டுத் தூண்டில்காரர்களுக்குப் பெரிய கெண்டை என்பது பார்த்துப் பெருமூச்சு விடவேண்டிய மீன். ஐசக் வால்டன் 1653-இல் எழுதிய தூண்டில் நூலிலேயே, கெண்டை பிடிக்க வருகிறவனுக்கு ஏகப்பட்ட பொறுமை வேண்டும் என்ற எச்சரிக்கை உண்டு. முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1930-இல் ஆல்பர்ட் பக்லி என்பவர் மேப்பர்லி நீர்த்தேக்கத்தில் 26 பவுண்டுக் கெண்டை ஒன்றைப் பிடித்தார். கிட்டத்தட்ட 12 கிலோ. அடுத்த இருபத்தொரு வருடம் அதை யாரும் மிஞ்சவில்லை. மீன் இல்லாமல் இல்லை. வெயில் ஏறினால் முதுகு தெரிய மேலே வந்து மிதக்கும். கரையில் நிற்பவர் எண்ணிக்கூடப் பார்க்கலாம். இரையை மட்டும் தொடாது.

இதே மீன் நமக்கும் தெரிந்ததுதான். நம் மீன்வளத்துறை சாதாக் கெண்டை என்று சொல்லும் சிப்ரினஸ் கார்ப்பியோ. 1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவரப்பட்டுத்தான் இந்தியாவில் முதலில் கால் ஊன்றியது. பண்ணையில் வளர்த்து வலை போட்டு வாரும் மீனாகவே இங்கே அதைப் பார்க்கிறோம். ஒரே ஒரு முள்ளைக் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு கிழட்டு மீனுக்காக வருடக்கணக்கில் கரையில் கிடக்கும் பைத்தியம் ஐரோப்பாவில் கிளம்பியது. அந்தப் பைத்தியத்தால் கெண்டையின் உடலையும் புத்தியையும் பற்றி நமக்குத் தெரியவந்தவை கொஞ்சநஞ்சமல்ல.

ரெட்மயர் கதை 1934-இல் தொடங்குகிறது. பாசிக்கொடியைக் கட்டுப்படுத்த மீன் விடலாம் என்று நினைத்த பண்ணை உரிமையாளர்களுக்கு, டொனால்ட் லேனி என்ற மீன் வியாபாரி 50 சிறு கெண்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவுதான். அதன்பின் குளத்தை யாரும் சீண்டவில்லை.

ஐம்பது என்ற அந்த எண்ணிக்கையில்தான் சூட்சுமம். பண்ணைக்குட்டை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: குஞ்சை நெருக்கி விட்டால் மீன் பெருக்காது. குளத்தின் தீனி ஒரு அளவுதான்; அதை எத்தனை வாய் பங்கு போடுகிறது என்பதே ஒவ்வொரு மீனின் எடையையும் முடிவு செய்கிறது. மீன்களுக்கு நம்மைப் போல ஒரு வயதில் வளர்ச்சி நின்றுபோவதும் இல்லை. தீனி கிடைக்கும்வரை, வேகம் குறைந்தாலும், வளர்ந்துகொண்டே இருக்கும். ஆக, பெரிய கெண்டை உருவாக மூன்று வேண்டும்: குறைந்த எண்ணிக்கை, தாராளமான இயற்கைத் தீனி, பல வருட ஆயுள்.

இப்போது இந்த மூன்றையும் தூண்டில்காரர் பக்கமிருந்து பாருங்கள். எண்ணிக்கை குறைவு என்றால் உங்கள் இரைக்குப் பக்கத்தில் மீன் வருவதே அபூர்வம். தீனி தாராளம் என்றால் வந்த மீனுக்கு உங்கள் ரொட்டி உருண்டை தேவையில்லை. ஆயுள் அதிகம் என்றால் அந்த மீன் தூண்டிலைப் பற்றி ஏற்கெனவே ஏதாவது கற்றிருக்க இடமுண்டு. பெரிய கெண்டை கிடக்கும் ஏரி கடினமான ஏரியாக இருப்பது தற்செயல் இல்லை. எது மீனைப் பெரிதாக்கியதோ அதுவே அதைப் பிடிபடாமலும் வைத்திருக்கிறது. சின்னக் கெண்டைகள் நெரியும் குளத்தில் பள்ளிக்கூடப் பையன்கூட மதியத்துக்குள் கூடையை நிரப்பிவிடுவான்.

உடலுக்குள் போனால் சுவாரசியம் கூடுகிறது. கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தொண்டையை அடுத்து நேரே நீண்ட குடல்தான். விரால் மாதிரி பாய்ந்து ஒரு தவளையை விழுங்கிவிட்டு நாள் முழுக்கச் சும்மா கிடக்க அதனால் ஆகாது. சேர்த்துவைக்க இடம் இல்லாததால் கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கணக்கில் மேய வேண்டும். விராலுக்கு இரை போடுகிறவர் ஒரு மீனின் கோபத்தையும் பேராசையையும் நம்பலாம். கெண்டைக்குப் போடுகிறவருக்கு அந்த வசதி இல்லை. மேய்கிற மீன் அவசரப்படாது. பொறுக்கும், சுவைக்கும், துப்பும்.

அந்தப் பொறுக்குதலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அடிச்சேற்றில் தலை கவிழ்ந்து நிற்கும் கெண்டையின் மேலுதடு குழாய்போல முன்னே நீள்கிறது. வாய்க்குள் சட்டென்று இடம் விரிய, தண்ணீரோடு சேறு, மணல், சருகு, ரத்தப்புழு எல்லாம் உள்ளே இழுபடுகின்றன. வாய்க்குள் பல் எதுவும் கிடையாது. வாயின் கூரையில் தடித்த தசைத் திண்டு ஒன்று இருக்கிறது. அதில் சுவை மொட்டுகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. புழு எந்த இடத்தில் படுகிறதோ, திண்டின் அந்தச் சிறு பகுதி மட்டும் புடைத்து அதை வாயின் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மற்றக் குப்பையெல்லாம் செவுள் வழியாகவோ வாய் வழியாகவோ வெளியே போகும். பிடித்த புழு பின்னால் நகர்ந்து தொண்டைக்குப் போகும். அங்கேதான் பற்கள். பக்கத்துக்கு மூன்று வரிசை, நத்தை ஓட்டையும் நொறுக்கும் வலிமை. 1980-களில் நெதர்லாந்தின் வாகனிங்கனில் ஃபெர்டினண்ட் சிபிங் எக்ஸ்ரே படம் எடுத்து இந்த வேலையைப் படிப்படியாகக் காட்டினார்.

இவ்வளவையும் நடத்த மூளையில் தனி இடம் வேண்டுமல்லவா? கெண்டையின் மூளையைத் திறந்து பார்த்தால் பின்பக்கத்தில் இரண்டு கோளங்கள் வீங்கித் தெரியும். வாய்க்குள் வரும் சுவைச் செய்தியை வாங்கி, எந்த இடத்துத் தசை புடைக்க வேண்டும் என்று கட்டளையிடுவதற்கென்றே உள்ளவை அவை. சுவை மொட்டுகள் வாய்க்குள் மட்டும் இல்லை. உதட்டோரம் தொங்கும் இரண்டு ஜோடி மீசையிலும், உதட்டிலும், துடுப்பிலும் உண்டு. தொட்டாலே ருசி தெரிந்துவிடும் ஒரு பிராணி.

ஒரு மணலையும் ஒரு புழுவையும் வாய்க்குள்ளேயே பிரித்துவிடும் மீனிடம்தான் நாம் ரொட்டிக்குள் இரும்பு முள்ளை ஒளித்து அனுப்புகிறோம்.

காதும் லேசுப்பட்டதல்ல. கெண்டையின் காற்றுப்பைக்கும் உள்காதுக்கும் நடுவே சங்கிலிபோலக் கோத்த சிறு எலும்புகள் இருக்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் வேபர் 1820-இல் இவற்றை விவரித்ததால் வேபர் எலும்புகள் என்றே பெயர். தண்ணீரில் வரும் ஒலி காற்றுப்பையை அதிரவைக்க, அந்த அதிர்வு எலும்புகள் வழியே காதுக்கு நேராகப் போய்ச் சேரும். இந்த ஏற்பாடு இல்லாத பல மீன்களுக்குச் சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும்; கெண்டைக்குச் சுமார் 3,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும்.

கரையில் பேசினால் மீன் ஓடிவிடும் என்று அடுத்தவரை அதட்டுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் சொல்வது பாதிதான் சரி. காற்றில் பிறந்த ஒலியாற்றலில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் நுழைகிறது; மீதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். பேச்சைவிடச் செருப்புக்கால்தான் ஆபத்து. மண்ணில் அழுந்தும் ஒவ்வொரு அடியும் கரை வழியாகவே தண்ணீருக்குள் இறங்கும். நிமிர்ந்து நிற்பதும் ஆபத்து. நீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு, ஒளிவிலகலால், வெளியுலகம் மொத்தமும் தலைக்கு மேலே சுமார் 97 டிகிரி அகன்ற ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். தாழ இருப்பவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கிப் போகும். குனிந்து தவழ்ந்து வரும் ஆளை விட்டுவிடும். கை வீசி நடந்து வரும் ஆளை விடாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, 1951-க்கு முன் ஏறக்குறைய யாரும் பிடிக்கவில்லை என்பதைவிட, அதன்பின் எப்படிப் பிடித்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

அந்த ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி பாப் ரிச்சர்ட்ஸ் என்பவர் ரெட்மயரில் 31¼ பவுண்டுக் கெண்டையைக் கரையேற்றினார். பக்லியின் சாதனை போயிற்று. ரிச்சர்ட்ஸ் இதைக் கடிதமாக எழுதிய ஆள் ரிச்சர்ட் வாக்கர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும். வாக்கர் பொறியாளர்; போர்க்காலத்தில் ரேடார் கருவிகளில் வேலை பார்த்தவர். கெண்டை பிடிபடாதது அதிர்ஷ்டக் குறைவு என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. தீர்க்க வேண்டிய கணக்காகவே எடுத்துக்கொண்டார். மீன் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடி, அதைப் பயமுறுத்தாதே, சரியான நேரத்தில் சரியான இரையைப் போடு. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். அதுவரை அந்த வரிசையில் யாரும் யோசித்திருக்கவில்லை.

ஒவ்வொரு வரிக்கும் அவர் ஒரு கருவி செய்தார். இரவில்தான் பெரிய கெண்டை பயமின்றிக் கரையோரம் வரும். ஆனால் இருட்டில் தூண்டில் நரம்பு நகர்வது மனிதக் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நரம்பு லேசாக இழுபட்டாலே மின்சுற்று மூடி ஒலியெழுப்பும் பஸ்ஸர் ஒன்றை உருவாக்கினார். பெரிய மீன் இழுத்தால் ஒடியாத, ஆனால் விறைப்பும் இல்லாத கோல் அன்று கடையில் கிடையாது. மூங்கிலை மெல்லிய பட்டைகளாகச் சீவி ஒட்டி, பத்தடி நீளத்தில் தானே செய்துகொண்டார். எனக்கு இவற்றைவிடப் பிடித்தது அவருடைய இரைதான். பிசைந்த ரொட்டி மூழ்கிச் சேற்றிலும் பாசியிலும் புதைந்துவிடும். ரொட்டியின் காய்ந்த மேல்தோல் மிதக்கும். இரண்டையும் ஒரே முள்ளில் அளவாகக் கோத்தால், மெல்லமாக இறங்கிப் பாசியின் மேலேயே எடையற்றதுபோல உட்கார்ந்துகொள்ளும். அரை ரொட்டித்துண்டில் முடிகிற காரியம்.

இதன் அருமை இன்று நமக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது. உறிஞ்சித் தின்னும் மீனுக்கு எடை ஒரு முக்கியமான தகவல். முள்ளில்லாத துணுக்கு தண்ணீரோடு சுலபமாக உள்ளே வரும். முள் செருகிய துணுக்கு சோம்பலாக வரும். அந்த வித்தியாசமே கிழட்டுக் கெண்டைக்குப் போதும். வாக்கரின் இரையில், முள்ளின் கனத்தை ரொட்டித்தோலின் மிதப்பு ஈடுகட்டிவிட்டது.

1952 செப்டம்பர் 13. வாக்கரும் அவர் நண்பர் பீட் தாமஸும் இரவெல்லாம் ரெட்மயர் கரையில் இருந்தார்கள். விடிவதற்கு முன், ஐந்து மணிக்குச் சற்று முன்னால், பஸ்ஸர் ஒலித்தது. கும்மிருட்டில், எங்கே ஓடுகிறது என்றே தெரியாத மீனோடு மல்லுக்கட்டி ஒருவழியாகக் கைவலைக்குள் கொண்டுவந்தார்கள். விடிந்ததும் வாக்கர் லண்டன் மிருகக்காட்சி சாலைக்குத் தொலைபேசினார். அங்கிருந்து வண்டி வந்து மீனை உயிரோடு ஏற்றிப் போனது. எடை 44 பவுண்டு, ஏறத்தாழ 20 கிலோ. முந்தைய ஆண்டின் சாதனையைவிடக் கிட்டத்தட்ட ஆறு கிலோ அதிகம். கிளாரிசா என்று பெயர் வைத்து ரீஜெண்ட்ஸ் பூங்கா மீன்கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் விட்டார்கள். 1971 வரை அது உயிரோடு இருந்தது. தூண்டிலையே நம்பாத பலர் அதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கெண்டைப் பைத்தியமானார்கள்.

அப்புறம் நடந்ததை ஆயுதப் போட்டி என்றே சொல்லலாம். ஆட்கள் கூடினார்கள், பிடித்த மீனைத் திரும்ப விடும் வழக்கமும் ஊன்றியது. விட்ட மீன் பாடம் கற்றுக்கொண்டது.

இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் பியூகெமா என்ற டச்சு உயிரியலாளர். சோதனைக் குளங்களில் கெண்டைகளைத் தூண்டிலில் பிடித்து, அடையாளமிட்டு, திரும்ப விட்டுப் பார்த்தார். 1970-இல் வெளியான முடிவு தூண்டில்காரர்களின் புலம்பலுக்கு அறிவியல் முத்திரை குத்தியது: ஒரே ஒரு தடவை மாட்டிய கெண்டையை மறுபடி மாட்டவைப்பது பெரும்பாடு, அந்தப் பாடம் ஒரு வருடம்வரை நிற்கிறது. 2020-இல் பெர்லினின் ராபர்ட் ஆர்லிங்ஹாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். தான் மாட்டாமல், கூட இருந்த மீன் மாட்டியதைக் கண்ட கெண்டைகளும் முள்ளைத் தவிர்க்கத் தொடங்கின. 2023-இல் அதே குழு நினைவாற்றலை மறுபடி சோதித்தபோது, ஏழு மாதத்துக்கு மேல் அந்த எச்சரிக்கை நீடித்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பியூகெமாவின் ஒரு வருடம் சற்று மிகையாக இருக்கலாம். ஆனாலும் ஏழு மாதம் என்பது என்ன சின்னக் காலமா? ஒரு சீசனே முடிந்துவிடும்.

பாடம் கற்ற மீன் தின்பதை நிறுத்துவதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. இரை கிடக்கும் இடத்துக்கே வரும், தின்னும், முள் செருகியதை மட்டும் வாங்கிய வேகத்தில் துப்பும். கரையில் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. பஸ்ஸர் அடிக்காது. மீன் வரவே இல்லை என்று நினைத்து இடம் மாறிப் போவார்.

இந்தத் துப்புதலைத்தான் 1970-களின் பிற்பகுதியில் லென் மிடில்டனும் கெவின் மேடக்ஸும் குறிவைத்தார்கள். கண்ணாடித் தொட்டியில் கெண்டை எப்படி உறிஞ்சித் துப்புகிறது என்று பார்த்தவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. இரையை ஏன் முள்ளில் கோக்க வேண்டும்? முள்ளிலிருந்து தொங்கும் ஒரு தலைமுடியில் இரையைக் கட்டினார்கள். ஆரம்பத்தில் நிஜமாகவே மனிதத் தலைமுடிதான். பிறகுதான் நூலும் நரம்பும். முள் வெறுமனே, பளிச்சென்று வெளியே தெரியும். மீனை ஏமாற்ற முள்ளை ஒளிக்க வேண்டும் என்ற பல நூற்றாண்டு நம்பிக்கைக்கு நேர் எதிர். ஆனால் முடியின் நுனியில் இரை தடையில்லாமல் ஆடும். உறிஞ்சினால் சுலபமாக உள்ளே போகும், முள் பின்னாலேயே இழுபட்டுப் போகும். வாய்க்குள் ஏதோ உறுத்துகிறதே என்று கெண்டை துப்பும்போது இரை முதலில் வெளியேறிவிடும். கடைசியாக வரும் முள், திரும்பி, கீழுதட்டில் இறங்கிவிடும். மீனின் தற்காப்பையே அதற்கு எதிராகத் திருப்பிய வேலை. 1981-இல் மேடக்ஸ் தன் புத்தகத்தில் இதை வெளியிட்டபின் உலகம் முழுக்கப் பரவியது. இன்று கெண்டைத் தூண்டில் என்றாலே பெரும்பாலும் இதுதான். முடியின் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் மீன் தப்பிவிடும் என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள்.

இடம் தேடுவது தனிக் கலை. குளிர் ரத்தப் பிராணியான கெண்டைக்குப் பசி வருவது தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. குளிர்காலத்தில் கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கும். கோடையில் காற்று ஒரே பக்கமாக இரண்டு மூன்று நாள் வீசினால், வெதுவெதுப்பான மேல்நீர் எதிர்க்கரையில் போய்ச் சேரும்; அலையடிப்பதால் பிராணவாயுவும் அங்கே கூடுதல். அனுபவமுள்ளவர் முகத்தில் காற்றறையும் கரையில் போய் உட்காருவதற்கு இதுதான் காரணம். பாசி அடர்ந்த குளத்தில் நிலைமை வேறு. பகலில் பிராணவாயுவைத் தரும் பாசி, இரவில் அதையே இழுத்துக்கொள்ளும். விடிவதற்கு முன்தான் தண்ணீரில் அது மிகக் குறைவு.

இவ்வளவு தெரிந்தும் சில ஏரிகள் வளைந்து கொடுப்பதில்லை. கென்ட் மாவட்டத்தில் சரளைக்கல் தோண்டிய பள்ளத்தில் நீர் நிரம்பி உண்டான கானிங்புரூக் ஏரி அப்படிப்பட்டது. பெரிய பரப்பு, சில கெண்டைகள் மட்டும். அதில் ஒன்றுக்கு டூ-டோன் என்று பெயர். அதற்காகவே பல வருடங்களைச் செலவழித்தவர்கள் உண்டு. 2008-இல் பிடிபட்டபோது 67 பவுண்டு 14 அவுன்ஸ், 30 கிலோவுக்கு மேல். அன்றைய பிரிட்டிஷ் சாதனை. 2010-இல் வயதாகி இறந்தபோது பத்திரிகைகள் செய்தி போட்டன. ஒரு மீனின் சாவுக்குத் துக்கம் கேட்கும் தேசம் என்று சிரிக்கலாம்தான். இதற்கு நேர்மாறாக, ஆஸ்திரேலியாவின் முர்ரே–டார்லிங் ஆற்றுப் படுகையில் இதே மீன் சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும் பீடை. அங்கே அதை எப்படி ஒழிப்பது என்றுதான் ஆராய்கிறார்கள்.

ரெட்மயரின் மூன்றாவது சாதனைக்கு வருவோம். கிளாரிசா பிடிபட்டு இருபத்தெட்டு வருடம் கழித்து, 1980 ஜூன் 16 அன்று, கிறிஸ் யேட்ஸ் அங்கே 51½ பவுண்டுக் கெண்டையைப் பிடித்தார். தேதியைக் கவனிக்க வேண்டும். அன்றைய விதிப்படி மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை தூண்டில் போடக்கூடாது. தடை நீங்கிய முதல் நாள் அது. மூன்று மாதம் ஒரு முள்ளையும் பார்க்காத மீன்கள், சூடேறிக்கொண்டிருந்த தண்ணீர். அந்தக் காலத்தில் மற்றவர்கள் புரதப்பொடிகளைக் கலந்து வேகவைத்து ரகசியச் செய்முறைகளில் இரை உருட்டிக்கொண்டிருந்தார்கள். யேட்ஸ் முள்ளில் கோத்தது டப்பாவிலிருந்து எடுத்த மக்காச்சோளம்.